ஒஷாவாவுக்கு ஒரு நாடுகடத்தல்

கமலாம்பிகை ரீச்சருடைய கோபம் பருத்தித்துறையில் புறப்பட்டு ரொறன்ரோவின் ஸ்காபரோ வரைக்கும் பேர் எடுத்த கோபம். அவர் முறைத்தால் அடுப்பிலே இருக்கிற பால் திரைந்துபோகும் என்பார்கள். வகுப்பில் ஒரு முறை கொட்டாவி விட்ட பிள்ளையை அவர் திரும்பிப் பார்த்தாராம். அந்தப் பிள்ளையின் வாய் மணி அடிக்கும் வரைக்கும் மூடவில்லையாம். இதில் பாதியைத் தள்ளிவிட்டாலும் மிச்சப் பாதி மெய்.

ஊரில் இருபத்திரண்டு வருடம் உயர்தர வகுப்புக்குக் கிரேக்க உரோம நாகரிகம் படிப்பித்தவர். அப்படியொரு பாடம் இருப்பதையே ஊரில் அநேகம் பேர் நம்பவில்லை. "கிரேக்கத்தாருக்கும் எங்களுக்கும் என்ன கொடுக்கல் வாங்கல்?" என்று கேட்டவர்களுக்கு ரீச்சர் ஒரே பதிலைத்தான் வைத்திருந்தார்: "கோபம். அவங்களுக்கும் வாறது, எங்களுக்கும் வாறது. அவங்கள் அதை என்ன செய்யிறதெண்டு யோசிச்சவங்கள். நாங்கள் அயலட்டை என்ன சொல்லுமெண்டுதான் யோசிக்கிறம்."

கணவர் காலமாகி ஒரே மகன் சிவரூபனோடு இருந்தவரை, அந்த மகனே முன்னால் ஓடிவந்து, அகதியாகப் பதிந்து, பின்னர் ஸ்பொன்சர் செய்து 1991இல் ரொறன்ரோவுக்கு எடுத்துக்கொண்டான். பதினோராம் மாடியில் ஒரு அப்பார்ட்மென்ற். சிவரூபனுக்கு வேலை நகரத்துக்கு மேற்கே மிசிசாகாவில், விமான நிலையத்துக்குப் பக்கத்தில், விமானங்களுக்குச் சாப்பாட்டுத் தட்டுக் கட்டுகிற பெரிய சமையற்கூடத்தில். "ஒரு நாளைக்கு ரெண்டாயிரம் பேருக்குச் சாப்பாடு கட்டுறானாம். வீட்டிலை ஒரு பிளேன்ரீ ஊத்தத் தெரியாது" என்று ரீச்சர் லிப்ற்றில் வருகிற போகிற எல்லோரிடமும் குறை சொல்வார். குறை சொல்லும்போது முகம் மலர்ந்து போயிருக்கும்.

மிசிசாகாவுக்குப் போய்வர சிவரூபனிடம் கார் இல்லை. ஜெயரட்ணம் ஓட்டுகிற வானில் போவான். ஜெயரட்ணத்துக்கு நாற்பத்தெட்டு வயது. ஊரில் பன்னிரண்டு வருடம் பஸ் ஓடி, ஒரு கோழிக்குஞ்சைக்கூட இடிக்காதவர் என்று பேர். அந்த வானில் ஐந்து பேர், எல்லோரும் ஸ்காபரோ, எல்லோரும் அதே சமையற்கூடம். ஷிப்ற் தொடங்க முன் ஏற்றி, வேலை முடிய இறக்கிவிடுவார்.

1994ஆம் ஆண்டு பெப்ரவரி மாதம், பனி கொட்டியதில் பாதித் தொழிலாளர் வராமற்போக, வந்தவர்களைப் பிடித்து முதல் நாள் இரவிலிருந்து இரண்டு ஷிப்ற் தொடர்ந்து வேலை வாங்கினார்கள். அது முடிந்து மத்தியானம் இரண்டு மணிக்கு, கண்ணைக் கூசுகிற வெயிலில், 401 நெடுஞ்சாலையில் ஜெயரட்ணத்தின் கண் ஒரு கணம் மூடியது. வான் விலகி நடுவிலிருந்த கொங்கிறீற் சுவரில் மோதியது. பின்னால் இருந்த மூவருக்கும் சிராய்ப்பு. ஜெயரட்ணத்துக்கு இரண்டு விலா எலும்பு. முன் சீற்றில் இருந்த சிவரூபனுக்கு உயிரே போனது. அவனுக்கு இருபத்தேழு வயது.

ரீச்சர் அழவில்லை. பெட்டியில் கிடத்தியிருந்த பிள்ளையைப் பார்த்தும் அழவில்லை, எட்டாம் நாள் சடங்குக்கும் அழவில்லை, முப்பத்தோராம் நாள் அந்தியேட்டி அன்றைக்கு வந்த பெண்கள் எல்லாம் கட்டிப்பிடித்து ஒப்பாரி வைத்தபோது, அவர்களுக்கு எல்லாம் ரீச்சர்தான் முதுகு தடவிவிட்டார். "அழப் பண்ணுங்கோ, இல்லாட்டில் உள்ளுக்குள்ளை கட்டிப்போகும்" என்று ஒருவருக்கொருவர் குசுகுசுத்தார்கள். அடுத்த நாள் ரீச்சர் கோட்டை மாட்டிக்கொண்டு நூலகத்துக்குப் போய், ஏதென்சு நகரத்துச் சட்டம் பற்றி இருக்கிற புத்தகம் எல்லாம் வேண்டும் என்றார். நூலகத்துப் பெண் அடி அறையிலிருந்து நாலு புத்தகம் எடுத்துவந்து, அதன் தூசியில் அரை மணித்தியாலம் தும்மினாளாம்.

ஏன் ஏதென்சு என்றால், அங்கே ஒரு கொலை நடந்தால் அது அரசாங்கத்தின் வழக்கு அல்ல. செத்தவனுடைய சொந்தக்காரரின் வழக்கு. பொலிஸ் வந்து எழுதாது, அரசாங்கச் சட்டத்தரணி பேசமாட்டார். யாருடைய வயிறு பற்றி எரிகிறதோ அவர்தான் எழும்பி, "இவன் என் ஆளைக் கொன்றான்" என்று சொல்லவேண்டும். கோபம் அங்கே வெட்கப்படுகிற சாமான் இல்லை. கோபப்படாத சொந்தக்காரனைத்தான் ஊர் சந்தேகமாகப் பார்க்கும். அந்தக் கோபத்தை அவர்கள் ஒரு நோய் என்று எண்ணினார்கள். பாதிக்கப்பட்டவரிடம் இருந்து ஊருக்கெல்லாம் பரவுகிற நோய். தண்டனைதான் அதற்கு மருந்து. இதையெல்லாம் ரீச்சர் இருபத்திரண்டு வருடமாகக் கரும்பலகையில் எழுதினவர்தான். எழுதியபோது அது பரீட்சைக்கு வருகிற பகுதி. இப்போது மருந்துச் சீட்டு.

ஜெயரட்ணத்தின் வழக்கு செப்ரெம்பரில் வந்தது. கவனயீனமாக வாகனம் ஓட்டியது என்று குற்றம். ரீச்சர் சாம்பல் நிறச் சீலை கட்டிக்கொண்டு முதல் வரிசையில் போய் இருந்தார். வழக்கின் பெயரை வாசித்தார்கள்: மாட்சிமை தங்கிய இராணியார் எதிர் ஜெயரட்ணம்.

ரீச்சர் அரசாங்கச் சட்டத்தரணிப் பெண்ணைத் தட்டிக் கூப்பிட்டு, தன் மிஷன் பள்ளிக்கூட இங்கிலிசில் கேட்டார்: "இராணியாருக்கும் இந்த மனுசனுக்கும் என்ன பகை? இராணியார்ரை பிள்ளையையோ இவர் கொன்றது?"

அந்தப் பெண் நல்லவள். குனிந்து, பொறுமையாக, இங்கே எல்லாக் குற்றமும் இராணியாருக்கு எதிரான குற்றம்தான் என்று விளங்கப்படுத்தினாள். வேண்டுமானால் நீங்கள் உங்கள் மனநிலையை நீதவானுக்குச் சொல்லலாம், சுருக்கமாக, என்றாள்.

ரீச்சர் எழும்பினார். எழுதி வைத்திருந்தது ஒன்பது பக்கம். மூன்றாம் பக்கத்தில் ஏதென்சுக் குன்றிலே இருந்த இரண்டு கல்லைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தார். குற்றஞ்சாட்டப்பட்டவன் ஏறி நிற்கிற கல்லுக்கு ஒரு பெயர், குற்றஞ்சாட்டுகிறவர் ஏறி நிற்கிற கல்லுக்கு மன்னியாமை என்று பெயர். நீதவான் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "அம்மா, உங்கள் இழப்புக்காக வருந்துகிறேன்" என்றார். மிச்சம் ஆறு பக்கம் ரீச்சரின் கையிலேயே இருந்தது. நீதவான் இறங்கிவந்து தன் கதிரையை ரீச்சருக்குக் கொடுத்தார் என்று பிறகு ஸ்காபரோவில் ஒரு கதை உலாவியது. அப்படி ஒன்றும் நடக்கவில்லை.

ஜெயரட்ணம் வாய் திறந்து இரண்டே சொல் சொன்னார்: "பிழை என்ரை." தண்டப் பணம், ஒரு வருடத்துக்கு லைசன்ஸ் பறிப்பு. பதினேழு நிமிடத்தில் எல்லாம் முடிந்து, அடுத்த வழக்கைக் கூப்பிட்டார்கள். அது யாரோ சிவப்பு விளக்கில் நிற்காமல் போன வழக்கு.

வெளியே நடையில் ஜெயரட்ணம் வந்து ரீச்சரின் காலில் விழுந்தார். கோட் போட்ட வெள்ளைக்காரர் எல்லாம் விலகிப் போனார்கள். அவருடைய மனைவி தெய்வநாயகி சுவரோடு சாய்ந்து நின்று வாயைப் பொத்திக்கொண்டாள்.

"எழும்பும்" என்றார் ரீச்சர். "உது சினிமாவிலை செய்யிறது."

அவர் எழும்பி நின்றார். விலா சரியாக ஒட்டாததால் ஒரு பக்கம் சரிந்து நின்றார்.

"இராணி தன்ரை தண்டனையைத் தந்திட்டா. அது அவவுக்கும் உமக்கும். இனி என்ரை. ஏதென்சிலை தெரியாத்தனமாய் ஒரு உயிரை எடுத்தவன், ஊரை விட்டுப் போகோணும். கோயிலிலை கால் வைக்கக்கூடாது, சந்தையிலை கால் வைக்கக்கூடாது. செத்தவன்ரை ஆக்கள் கூப்பிட்டால்தான் திரும்பி வரலாம். அங்கை பொம்பிளையளுக்கு வழக்குப் பேச வாயில்லை. இஞ்சை எனக்கு இருக்கு. சிவரூபனுக்கு என்னை விட்டால் ஆளில்லை. நான் சொல்லுறன், நீர் ரொறன்ரோவுக்குள்ளை இருக்கக்கூடாது."

"எவ்வளவு காலம் ரீச்சர்?"

"நான் கூப்பிடுமட்டும்."

"ஓம் ரீச்சர்" என்றார் ஜெயரட்ணம்.

சொல்லிவிட்டு ரீச்சர் பஸ் ஏறி வீட்டுக்கு வந்து தேத்தண்ணி போட்டுக் குடித்தார். கோபத்தில் நாலு வார்த்தை சொன்னோம், அவ்வளவுதான் என்று நினைத்தார். அடுத்த ஞாயிற்றுக்கிழமை தெரிந்தது: ஜெயரட்ணம் இரண்டு சூட்கேசோடு, ரொறன்ரோவுக்குக் கிழக்கே இருக்கிற ஒஷாவாவுக்குப் போய்விட்டார். அங்கே யாரோ ஒருவருடைய நிலவறையில் அறை. ஒரு பெட்டிக் கம்பனியில் வேலை. படிக்கிற மகள் கௌசியும் மனைவியும் ஸ்காபரோவில்.

அவர் திரும்பி வரவேயில்லை. சொந்த மச்சாளின் செத்த வீட்டுக்கு வரவில்லை. தேர்த் திருவிழாவுக்கு வரவில்லை. ஒருநாள் பல் வலியில் துடித்தபோது, ஸ்காபரோவிலே தெரிந்த தமிழ்ப் பல் டொக்டர் சும்மா பிடுங்கித்தருகிறேன் என்று கூப்பிட்டும் வரவில்லையாம். நூலைப் பல்லிலும் கதவிலும் கட்டித் தானே பிடுங்கினார் என்று சொன்னார்கள். கதவையும் சேர்த்துப் பிடுங்கினார் என்று சொன்னவர்களும் உண்டு.

ரீச்சர் காவல் வேலையில் இறங்கினார். தமிழ்க் கடையில் மரக்கறிப் பெட்டிக்குப் பின்னால் நின்று வருகிறவர் போகிறவரைப் பார்ப்பார். "உவன் ஜெயரட்ணத்தை இந்தப் பக்கம் ஆரும் கண்டனீங்களோ?" என்று கேட்பார். ஒருவரும் கண்டதில்லை. கேட்டு வீட்டுக்கு வருகிற நாளில் ரீச்சருக்கு ஒரு திருப்தி வரும். அது லிப்ற் பதினோராம் மாடிக்கு வந்து சேருவதற்குள் போய்விடும். மருந்து வேலை செய்யவில்லை. ஒரு வருடம் போய், இன்னொன்றும் போய்க்கொண்டிருந்தது. நோயாளி மாத்திரம் மருந்தை நிறுத்த மாட்டேன் என்று நின்றார்.

1996ஆம் ஆண்டு ஏப்ரலில் தெய்வநாயகி ஒரு தட்டத்தில் வெற்றிலை, பாக்கு, பழம், கலியாணக் காட் எல்லாம் வைத்துக்கொண்டு கதவைத் தட்டினாள். கௌசிக்கு மாப்பிள்ளை சரிவந்துவிட்டது. ஜூன் மாதம், றிச்மண்ட் ஹில் பிள்ளையார் கோயிலில் கலியாணம்.

"அக்கா, நான் உங்களைக் கலியாணத்துக்குச் சொல்ல மட்டும் வரேல்லை" என்றாள்.

"தெரியும். இரும்."

அவள் இருக்கவில்லை. "கோட்டிலை குடுத்த தண்டனை ஒரு வருசத்திலை முடிஞ்சுபோச்சு அக்கா. உங்கடை தண்டனைக்குத்தான் அந்தமில்லை. தேப்பன் இல்லாமல் பிள்ளைக்குத் தாரை வாக்கச் சொல்லுறியளோ?"

"நான் அவரைச் சங்கிலி போட்டுக் கட்டி வைக்கேல்லை. வாற ஆள் வரலாம்தானே."

"வரமாட்டார். ரீச்சர் கூப்பிடாமல் வரமாட்டன் எண்டு நிக்கிறார். நான் அழுது பாத்தன், பிள்ளை அழுது பாத்தவள்."

"ஏதென்சிலை..."

"அக்கா!" தெய்வநாயகி தட்டத்தை மேசையில் வைத்த வேகத்தில் பாக்கு உருண்டோடியது. "அந்த ஏதென்சுக்காரர் எல்லாரும் செத்துப் புழுத்துப்போச்சினம். என்ரை மனுசன் உயிரோடை இருக்கிறார். ஒஷாவாவிலை, ஒரு நிலவறைக்குள்ளை, ரின் மீனும் பாணும் திண்டுகொண்டு உயிரோடை இருக்கிறார்."

ரீச்சர் குனிந்து பாக்கைப் பொறுக்கினார். தெய்வநாயகி கேட்டது ஒரு சொல்லுத்தான். "வரச்சொல்லு" என்று ஒரு சொல். அது தொண்டை வரை வந்தது. ஆனால் இந்தப் பெரிய நகரத்தில் சிவரூபனுக்காக ஒரு ஆள் இன்றைக்கும் எதையோ செய்துகொண்டிருக்கிறார் என்றால் அது ஜெயரட்ணம்தான். சிவரூபனுடைய சமையற்கூடத்தில் அவனுடைய இடத்தில் இன்னொருவன் நிற்கிறான். கூட்டாளிமார் கலியாணம் முடித்துப் பிள்ளை பெற்றுவிட்டார்கள். ஜெயரட்ணம் ஒஷாவாவில் இருக்கிற வரைக்கும் வழக்கு முடியவில்லை. வழக்கு முடியாத வரைக்கும் பிள்ளை முழுக்கச் சாகவில்லை. இதை எப்படித் தெய்வநாயகிக்குச் சொல்வது? புத்தகத்தில் இல்லாத பகுதி அது.

"நான் வாறன் கலியாணத்துக்கு" என்று மாத்திரம் சொன்னார்.

ஜூன் மாதம் கலியாணத்துக்கு ரீச்சர் போனது வாழ்த்துவதற்கு அல்ல. ஜெயரட்ணம் வருகிறாரோ என்று பார்க்கப் போனார். வந்தால் தண்டனையை மீறிவிட்டார் என்று ஆகும்; அப்போது ரீச்சரின் கோபத்துக்குப் புதுசாக ஒரு உயிர் வரும். மண்டபத்தில் கண்ணை ஓட்டினார். மணவறையில் தெய்வநாயகியின் அண்ணன் தகப்பனுடைய இடத்தில், கழுத்து இறுகின சால்வையோடு வியர்த்துக்கொண்டிருந்தார். ஜெயரட்ணத்தைக் காணவில்லை.

பின்னால் கோப்பி வைத்திருந்த மேசைப் பக்கம் போனபோது அகஸ்ரின் எதிர்ப்பட்டான். அந்த வானில் பின் சீற்றில் இருந்த மூவரில் ஒருவன். பாசையூர்க்காரன், வாய் சும்மா இராது.

"ரீச்சர், சுகமோ? கோயில் கோப்பி குடியுங்கோ. எங்கடை சேர்ச்சிலை தாறதிலும் திறம்."

"உம்மடை ஜெயரட்ணம் வரேல்லைப் போலை."

அகஸ்ரின் கோப்பிக் கப்பைக் கீழே வைத்தான். "ஆள் வந்திருக்கிறார் ரீச்சர். உள்ளை இல்லை. வெளியிலை, கார் விடுற இடத்திலை, என்ரை காருக்குள்ளை இருக்கிறார். விடியக்காலமை ஒஷாவாவிலை நான்தான் ஏத்தினனான். அவர் இப்ப ஸ்ரேறிங்கைத் தொடுறதில்லை. கோயில் மண்ணிலை கால் வைக்கக்கூடாது எண்டு ரீச்சர் சொன்னவவாம், அதாலை இறங்கமாட்டாராம். பட்டு வேட்டியும் கட்டிக்கொண்டு மூண்டு மணித்தியாலமாய் இருக்கிறார். மூத்திரத்துக்கும் இறங்கேல்லை, பாவம்."

ரீச்சர் வாசல் பக்கம் திரும்பிப் பார்த்தார். ஏதென்சின் கடற்கரையில் ஒரு நீதிமன்றம் இருந்தது. நாடுகடத்தப்பட்டவன் மேல் இன்னொரு வழக்கு வந்தால், அவன் ஒரு வள்ளத்தில் வருவான். நங்கூரம் போடாமல், பாலம் போடாமல், காலை மண்ணில் வைக்காமல், கடலில் நின்றபடி தன் கட்சியைச் சொல்லுவான். நீதவான்கள் கரையில் இருந்து கேட்பார்கள். எந்தப் புத்தகத்தையும் திறக்காத ஜெயரட்ணம் அந்த வள்ளத்தில் ஏறி வந்து கரைக்குச் சற்றுத் தள்ளி நிற்கிறார்.

"பைத்தியக்கார மனுசன்" என்றார் ரீச்சர்.

"பைத்தியம்தான் ரீச்சர். சிவரூபன்ரை பிழையையும் தன்ரை தலையிலை போட்டுக்கொண்ட ஆளெல்லோ."

"சிவரூபன்ரை என்ன பிழை?"

அகஸ்ரின் ஒரு அடி பின்னால் போனான். "உங்களுக்குத் தெரியுமெண்டு... இவ்வளவு காலத்திலை ஆரும் சொல்லியிருப்பினம் எண்டெல்லோ நான்..."

"சொல்லும்."

இருபத்திரண்டு வருடத்துப் பார்வை அவன்மேல் விழுந்தது. அவன் சொன்னான். வானுக்கு ஒரு சட்டம் இருந்தது. இரண்டு ஷிப்ற் முடித்துவிட்டு வருகிற நாளில், முன் சீற்றில் இருக்கிறவன் கதைத்துக்கொண்டே வரவேண்டும். ஊர்க் கதை, பகிடி, பாட்டு, பொய், எதுவானாலும் சரி. ரைவரின் கண்ணை மூட விடக்கூடாது. பின் சீற்றுக்காரர் நித்திரை கொள்ளலாம், முன் சீற்றுக்காரன் கொள்ளக்கூடாது. ஆளுக்கு ஒரு நாள் முறை. அன்றைக்கு முறை சிவரூபனுடையது.

"அவன் ஏறி பெல்ற் போட்டவுடனை நித்திரை. நான் பின்னாலை இருந்து, 'டேய், எழும்பி எதையாவது கதையடா' எண்டு தோளிலை தட்டினன். ஜெயரட்ணண்ணை கண்ணாடியிலை என்னைப் பாத்து, 'விடு, பிள்ளை களைச்சுப்போனான், படுக்கட்டும்' எண்டார். அவ்வளவுதான். பிறகு நானும் நித்திரை."

"கோட்டிலை ஏன் சொல்லேல்லை?"

"ஆஸ்பத்திரியிலை வைச்சு எங்கள் மூண்டு பேரிட்டையும் சத்தியம் வாங்கிப்போட்டார். செத்த பிள்ளையிலை பிழை சொல்லக்கூடாது, தாய்க்குத் தெரியவே கூடாதெண்டு. நான் மாதாவிலை சத்தியம் பண்ணினனான் ரீச்சர். இப்ப உடைச்சுப்போட்டன்."

ரீச்சர் செருப்பைத் தேடவில்லை. வெறுங்காலோடு வெயிலில் காய்ந்த தார்த் தரையில் நடந்து போனார். கார்கள் வரிசையாய் நின்றன. ஒன்றில் கண்ணாடி பாதி இறங்கியிருந்தது. பின் சீற்றில் ஜெயரட்ணம். மெலிந்துபோய், முடி எல்லாம் வெளுத்து, மடியில் சால்வை மடித்து வைத்தபடி.

ரீச்சரைக் கண்டதும் அவர் இரண்டு காலையும் சீற்றுக்கு மேலே தூக்கிவைத்தார். "நான் இறங்கேல்லை ரீச்சர். கீழை கால் வைக்கேல்லை."

ரீச்சர் மற்றப் பக்கக் கதவைத் திறந்து பக்கத்தில் ஏறி இருந்தார். இரண்டு பேருக்கும் முன்னால் முன் சீற்றின் முதுகு.

"ஜெயரட்ணம். அண்டைக்கு வானிலை சிவரூபன் நித்திரையோ?"

அவர் மடியில் இருந்த சால்வையை விரித்து மறுபடி மடித்தார். மண்டபத்து மேளச் சத்தம் மெல்லக் கேட்டது.

"இல்லை ரீச்சர். முழிப்பாய்த்தான் இருந்தவர். கதைச்சுக்கொண்டுதான் வந்தவர். நான்தான் கண் மூடினது."

ரீச்சர் ஆயிரம் பிள்ளைகளின் பொய் கேட்டவர். பொய் சொல்லுகிற பிள்ளையின் காது மடல் எப்படி அசையும் என்று தெரிந்தவர். இரண்டு வருடமும் நாலு மாதமும் ஒரு மனுசன் சிவரூபனின் பேரைக் காப்பாற்றியிருக்கிறான், அதில் பெரும்பகுதி ஒரு நிலவறையில் இருந்துகொண்டு. அந்த மனுசன்தான் சிவரூபனைக் கடைசியாகக் கண்டவன். அவனையே ஊரை விட்டுத் துரத்தினோம் என்று விளங்கியது. ஒரு நாளும், ஒரு நாளும், என் பிள்ளை அன்றைக்கு எப்படி இருந்தான் என்று அவனிடம் கேட்கவில்லை.

"என்ன கதைச்சவன்?" என்று கேட்டார்.

ஜெயரட்ணம் திடுக்கிட்டார். "ம்... உங்களைப் பற்றித்தான் ரீச்சர்."

"என்னைப் பற்றி என்ன?"

"அம்மா கனடாவுக்கு வரேக்கை... பிளேனிலை தந்த சாப்பாட்டுத் தட்டு தான் கட்டினதாம். அம்மாக்குத் தெரியாதாம். மூடியைத் திறக்கத் தெரியாமல் பக்கத்து வெள்ளைக்காரனைக் கேட்டிருப்பா எண்டு சொல்லிச் சிரிச்சவர்."

ரீச்சர் வந்த விமானம் லண்டனில் புறப்பட்டது. அந்தத் தட்டு லண்டனில் கட்டியது. அன்றைக்கு மூடியை அவர் தானே திறந்தார்.

"பிறகு?" என்றார் ரீச்சர்.

"பிறகு... அம்மாவுக்குக் குளிர் ஏலாது, நல்ல சப்பாத்து ஒண்டு பாக்கோணும் எண்டவர்."

"பிறகு?"

ஜெயரட்ணம் சொல்லச் சொல்ல, ரீச்சர் இன்னும் கிட்ட நகர்ந்தார். சிவரூபன் பகிடி விட்டான், பாட்டு ஒன்றை இழுத்தான், மேலதிகாரியைப் போலப் பேசிக் காட்டினான். இதில் ஒன்றுமே அன்றைக்கு வானில் நடந்ததில்லை; எல்லாம் அந்தப் பின் சீற்றில் நடந்துகொண்டிருந்தது. பாவி மனுசி கலியாணத்தை மறந்துபோனார். எதற்கு வந்தோம், இவர் யாருடைய தகப்பன், எல்லாம் மறந்துபோனது.

உள்ளே கெட்டிமேளம் கொட்டியது.

ஜெயரட்ணம் சொல்லிக்கொண்டிருந்த வசனம் பாதியில் நின்றது. அவர் மண்டபப் பக்கம் திரும்பி, பாதி இறங்கிய கண்ணாடிக்கூடாக இரண்டு கையையும் எடுத்துக் கும்பிட்டார். கண்ணை மூடிக்கொண்டு, மேளம் ஓயும் வரைக்கும் கும்பிட்டபடியே இருந்தார்.

"ஐயோ" என்றார் ரீச்சர். "ஐயோ ஜெயரட்ணம், ஓடும். நான் கூப்பிடுறன், நான் கூப்பிட்டிட்டன், ஓடும்!"

"தாலி கட்டியாச்சு ரீச்சர்" என்றார் அவர். "பறவாயில்லை. கேட்டுது எனக்கு."

மூன்று மணித்தியாலம் மடித்திருந்த கால் மரத்துப்போய் அவருக்கு இறங்க முடியவில்லை. ரீச்சர்தான் கையைப் பிடித்து இறக்கி, தோளில் சால்வையைப் போட்டு, மண்டப வாசல் வரைக்கும் தாங்கிக் கூட்டிக்கொண்டு போனார். உள்ளே தகப்பனைக் கண்ட கௌசி மணவறையில் இருந்து எழும்பிவிட்டாள். ஐயர் மந்திரத்தை நிறுத்தினார். ரீச்சர் வாசலோடு நின்றுவிட்டார். பிறகு திரும்பிப் போய், அகஸ்ரினுடைய காரில், யாரும் இல்லாத முன் சீற்றைப் பார்த்துக்கொண்டு இருந்தார். அங்கேதான் அழுகை வந்தது. சாப்பாடு முடிந்து சனம் வெளியே வரும் வரைக்கும் நிற்கவில்லை. அன்றைக்கு றிச்மண்ட் ஹில்லில் வெயிலோடு மழையும் பெய்தது என்று பலர் சொன்னார்கள். சொல்லட்டும்.

ஜெயரட்ணம் ரொறன்ரோவுக்குத் திரும்பவும் குடிவரவில்லை. ஒஷாவாவில் வேலை நிரந்தரமாகிவிட்டது, தெய்வநாயகியும் அங்கே போய்விட்டாள். ஆனால் ஞாயிற்றுக்கிழமை தோறும், நகரத்துக்கு நகரம் ஓடுகிற 'கோ' பஸ் ஏறி, ரீச்சரின் பதினோராம் மாடிக்கு வந்தார். வடையும் தேத்தண்ணியும் முடிந்தவுடன் ரீச்சர் கையை மடியில் கட்டிக்கொண்டு கேட்பார்: "ஓம், பிறகு என்ன சொன்னவன்?"

மிசிசாகாவில் இருந்து அந்தச் சுவர் வரைக்கும் அரை மணித்தியால ஓட்டம். அந்த அரை மணித்தியாலத்தில் சிவரூபன் கதைத்ததை ஜெயரட்ணம் இரண்டு வருடமாகச் சொன்னார். வெஸ்ரன் றோட்டில் இருந்து, நெடுஞ்சாலையை விட்டு இறங்குகிற கீல் வெளிவழிக்கு வர ஐந்து மாதம் எடுத்தது. கீலில் இருந்து யங் வீதிக்கு ஒரு முழுப் பனிக்காலம். வான் நத்தை மாதிரி ஊர்ந்தது. சிவரூபன் காதலிக்க இருந்த பெட்டையைப் பற்றிச் சொன்னான், வாங்க இருந்த வீட்டைப் பற்றிச் சொன்னான், அம்மாவின் கோபத்தை நடித்துக் காட்டினான். ரீச்சர் சிரித்தார், சில இடத்தில் "உது அவன் சொல்லியிருக்க மாட்டான்" என்று திருத்தினார். ஜெயரட்ணம் "மன்னிக்கோணும், மறந்துபோனன்" என்று மாற்றிச் சொன்னார்.

யங் தாண்டினால் பேவியூ. பேவியூ தாண்டினால் லெஸ்லி. லெஸ்லி வெளிவழிக்குச் சற்று முன்னால்தான் அந்தச் சுவர்.

1998ஆம் ஆண்டு ஒக்ரோபரில் ஒரு ஞாயிறு, வான் பேவியூவைத் தாண்டிவிட்டது. ஜெயரட்ணம் தேத்தண்ணிக் கோப்பையைக் கீழே வைத்தார்.

"பிறகு?"

"ரீச்சர், நான் ஒரு உண்மை சொல்லோணும். அண்டைக்குத் தம்பி வானிலை..."

"தெரியும்."

அவர் நிமிர்ந்து பார்த்தார்.

"கௌசியின்ரை கலியாணத்தண்டே தெரியும். அகஸ்ரின் சொன்னவன். அவனை ஏசாதையும்."

"அப்ப இவ்வளவு நாளும் நீங்கள்..."

ரீச்சர் எழும்பிக் குசினிக்குள் போனார். கேத்தில் கொதிக்கிற சத்தம் கேட்டது. வெகுநேரம் கழித்து இன்னொரு கோப்பை தேத்தண்ணியோடு வந்து, அதை அவர் முன்னால் வைத்து, கதிரையில் இருந்து சீலைத் தலைப்பைச் சரிப்படுத்திக்கொண்டார். வகுப்புத் தொடங்கப் போகிற ரீச்சரைப்போலத்தான் இருந்தார்.

"வானைத் திருப்பும், ஜெயரட்ணம்" என்றார். "மிசிசாகாவுக்குத் திருப்பும். அவன் வேலை முடிஞ்சு வாசலுக்கு வாறானெல்லோ, அங்கையிருந்து சொல்லும். என்ன கோட் போட்டிருந்தவன்?"